மலை பிடித்த பார்

பெரிய மலை பிடித்த பார், நடுவு மலை பிடித்த பார், தேரடிப் புளி பிடித்த பார், சாந்தமாக் கோயில் பிடித்த பார், வான்தீவு ஆறு பாகம் பார். இவையெல்லாம் ஊர்ப் பெயர்கள் அல்ல. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை கடலுக்கு அடியில் கிடக்கும் முத்துப் பாறைகளின் பெயர்கள். கடலடிப் பாறைத் திட்டைத்தான் இந்தக் கரையில் பார் என்கிறார்கள். முத்துச்சிப்பி ஒட்டி வளர்வதும், கலவாவும் விளமீனும் கூடுவதும் அங்கேதான்.

கடலுக்கு அடியில் ஏது மலை, ஏது புளியமரம்? அவை நிற்பது கரையில். எந்த மலையைக் கண்ணால் பிடித்தால் இந்தப் பாறைக்கு வந்து சேரலாமோ அந்த மலையின் பெயரைப் பாறைக்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் இப்பெயர்களை நான் படிக்கிறேன். ஆறு பாகம் என்பது ஆழம். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், கிட்டத்தட்ட 1.8 மீட்டர். பாறை எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்ற இரண்டு குறிப்புகளும் பெயரிலேயே அடங்கிவிட்டன. 1905-இல் ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை அரசுக்காக இந்தப் பக்கத்து முத்துப் படுகைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே பரதவர் இவற்றுக்குப் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பப் போவதுதான் இதில் பெரிய வித்தை. நிலத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் கல் நடலாம், மரத்தில் வெட்டுப் போடலாம். தண்ணீரின் மேல் எதையும் எழுதிவைக்க முடியாது. மிதவை கட்டினாலும் அலையும் நீவாடு என்கிற நீரோட்டமும் அறுத்துக்கொண்டு போய்விடும். தப்பித் தவறி நின்றாலும் அடுத்தவன் பார்த்துவிடுவான். பாறையோ சில நூறு மீட்டர் அகலம்தான் இருக்கும். நாலாபுறமும் ஒரே மாதிரித் தண்ணீர். நேற்று மீன் கிடைத்த அதே இடத்துக்கு இன்று எப்படிப் போவது?

மணப்பாட்டுக்குத் தென்மேற்கே உள்ள பெரியதாழைக் கரையிலிருந்து ஒரு மரம் கிழக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் என்றால் இங்கே கட்டுமரம். கரைக்கு முதுகு காட்டாமல் திரும்பி உட்கார்ந்து பார்த்தால் ஊர்க் கோயில் கோபுரம் தெரியும். அதற்குப் பின்னால், தேரியின் செம்மணலையும் பனைகளையும் தாண்டி, மேற்கே மகேந்திரகிரி எழுந்து நிற்கும். கோபுரத்தின் உச்சியும் மலையின் ஒரு குறிப்பிட்ட முனையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வந்துவிட்டால், மரம் அந்தக் கோட்டின் மேல் இருக்கிறது. காம்பஸ் வேண்டாம், கோணம் அளக்கும் கருவியும் வேண்டாம். ஆனால் கோட்டில் எந்த இடம்? கரையை ஒட்டியா, பத்து மைல் வெளியிலா? ஒரு கோடு அதைச் சொல்லாது. அதனால் இன்னொரு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம் தேடுவார்கள். முதல் கோட்டிலேயே வழுவாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும்; இரண்டாவது ஜோடியும் எப்போது ஒன்றுசேர்கிறதோ அங்கே கல்லைப் போட்டு மரத்தை நிறுத்த வேண்டும். கோடும் கோடும் வெட்டுவது ஒரே ஒரு புள்ளியில்தான்; பார் இருப்பது அதற்கு நேர் கீழே.

குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள், திருவனந்தபுரம் பக்கம் கணிச்சம். நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் இதே முறையில்தான் மீனவர்கள் தங்கள் இடங்களைக் காத்துவந்தார்கள். யாரும் யாரிடமிருந்தும் கற்றிருக்க வேண்டியதில்லை. கரையும் மலையும் கடலும் சேர்ந்த ஊர்களில் ஜியோமெட்ரி தானே வந்து மாட்டிக்கொள்கிறது.

சரி, வெறும் கண்ணால் பிடிக்கிற கோடு எவ்வளவு துல்லியம்? இங்கேதான் எனக்கு வியப்பு தொடங்குகிறது. ரயிலில் போகும்போது பக்கத்துப் பனைமரங்கள் பின்னால் ஓட, தூரத்து மலை கூடவே வருவதைப் பார்த்திருப்போம். படகு பக்கவாட்டில் சற்று நகர்ந்தாலும் அப்படித்தான்: அருகிலுள்ள கோபுரம் திசை மாறும், மலை ஏறக்குறைய அசையாது. இரண்டும் சேர்ந்திருந்த இடத்தில் ஒரு விலகல் தெரியும். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு விலகலைப் பிரித்தறியும். கோபுரம் 7 கிலோமீட்டரில், மலை 59 கிலோமீட்டரில் என்று வைத்துக் கணக்குப் போட்டால், படகு கோட்டைவிட்டு இரண்டரை மீட்டர் விலகினாலே அந்த அளவு விலகல் உண்டாகிவிடுகிறது. ஒரு படகின் அகலத்துக்குச் சற்று மேல்! அலை ஆட்டும், வெயிலில் காற்று நடுங்கும், மலை மங்கும். அதற்கெல்லாம் பத்து மடங்கு கழிவு கொடுத்தாலும் 25 மீட்டர்தான் வருகிறது. சில நூறு மீட்டர் பாறைக்கு இது தாராளம்.

இதே கணக்கில் மலையை எடுத்துவிட்டு, கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் பின்னால் உள்ள பனையை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற விலகல் வர, படகு 16 மீட்டர் நகர வேண்டும். கழிவும் சேர்த்தால் 160. அதாவது துல்லியம் வருவது கண்ணிலிருந்து மட்டுமல்ல, முன்னடையாளத்துக்கும் பின்னடையாளத்துக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து. முன்னது கிட்டவும் பின்னது எட்டவும் இருக்க வேண்டும். உலகெங்கும் துறைமுக வாயில்களில் கப்பல்களுக்கு வழிகாட்ட ஒன்றன்பின் ஒன்றாக இரு கம்பங்களை நட்டு, இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி உள்ளே வா என்று சொல்லும் ஏற்பாட்டிலும் இதே தத்துவம்தான். துறைமுகங்கள் அதற்காகக் காசு செலவழித்துக் கம்பம் நடுகின்றன. இந்தக் கரைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

மலைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. பூமி உருண்டை என்பதால், தொலைவு கூடக்கூடக் கரையிலுள்ள பொருள்கள் அடியிலிருந்து மூழ்கத் தொடங்கும். ஒரு பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அதன் உச்சி எத்தனை கிலோமீட்டர் வரை கடல்மட்டத்திலிருந்து தெரியும் என்பது வரும். 30 மீட்டர் கோபுரத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் நாலரை கிலோமீட்டர் கூடும். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல். கணக்குப்படி 140 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிய வேண்டும். அதனால் கடலுக்குள் போகப்போக முதலில் மணல் மறையும், பிறகு பனை, பிறகு கோயில். கடைசியில் மலை மட்டும் நிற்கும். கணிதத்துக்குக் குறுக்கே நிற்பது வானிலைதான். தென்மேற்குப் பருவத்தில் மலைமேல் மேகம் மூடிக்கொண்டால் பின்னடையாளம் போய்விடும். அந்த மாதங்களில் மலை பிடித்த பாரை எப்படிப் பிடிப்பது? மலையில்லாத வேறொரு ஜோடி அடையாளம் கைவசம் இருந்தால்தான் உண்டு.

இரண்டாவது கோட்டுக்கு வருவோம். பெரியதாழையிலிருந்து வடகிழக்கே மணப்பாடு; கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு, மேலே திருச்சிலுவைக் கோயில், கலங்கரை விளக்கம். அதற்கும் அப்பால் திருச்செந்தூரின் ஒன்பது நிலை கோபுரம். திருச்செந்தூர் கோபுரம் மணப்பாட்டு மேட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு தெரிகிற கோட்டைக் கடலுக்குள் நீட்டினால், அது மகேந்திரகிரி–பெரியதாழைக் கோட்டைக் கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி வெட்டுகிறது. வெட்டும் கோணம் 60 பாகைக்கு மேல். இது வரைபடத்தில் நானாகப் போட்ட கோடு. எந்தப் படகுத் தலைவரின் (தண்டலின்) கணியமும் அல்ல, அங்கே பார் இருப்பதாகவும் நான் சொல்லவில்லை. ஒரு மலை, ஒரு மாதா கோயில், ஒரு முருகன் கோயில், ஒரு மேடு நான்கும் சேர்ந்து கடலில் ஒரு புள்ளியை எவ்வளவு வாகாகப் பிடிக்கின்றன என்பதைக் காட்டத்தான்.

கோணத்தை ஏன் சொன்னேன் என்றால், எல்லா வெட்டும் நல்ல வெட்டு அல்ல. ஒவ்வொரு கோட்டிலும் இருபுறமும் 20 மீட்டர் பிழை இருக்கலாம் என்று கொள்வோம். அப்போது அது கோடல்ல, 40 மீட்டர் அகலப் பட்டை. இரண்டு பட்டைகள் செங்கோணமாகக் குறுக்கிட்டால் நடுவில் ஒரு சதுரம். படகு அதிகபட்சம் 28 மீட்டர்தான் விலகியிருக்க முடியும். 60 பாகையில் குறுக்கிட்டால் 40 மீட்டர். 30 பாகையில் 77. வெறும் 10 பாகையில், கிட்டத்தட்ட ஒரே திசையில் ஓடும் இரு கோடுகளானால், பட்டைகள் நீளவாக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பிழை 230 மீட்டருக்கு நீண்டுவிடும். பாறையே தவறிப்போகும். கண் அதே கண், அடையாளங்கள் அதே தெளிவு. கோடுகள் சரிந்து வெட்டியதற்கே இவ்வளவு தண்டனை. கரையோரம் நேராக ஓடும் ஊர்களில் எல்லா அடையாளமும் ஒரே பக்கம் குவிந்துவிடுவதால் இந்தச் சிக்கல் கூடுதல். மணப்பாடுபோலக் கடலுக்குள் நீண்ட ஒரு முனை பக்கத்தில் இருப்பது பெரிய கொடுப்பினை.

சரிபார்க்க ஆழம் இருக்கிறது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கினால் எத்தனை பாகம் என்பது தெரியும். குண்டு தட்டுகிற விதத்திலேயே பாறையா சேறா என்பதும் கைக்கு வந்துவிடும். ஐரோப்பியக் கப்பல்காரர்கள் குண்டின் அடியில் கொழுப்பைப் பூசி அனுப்புவார்கள். மணலோ சிப்பித்தூளோ ஒட்டிக்கொண்டு மேலே வரும். மூன்றாவது கோடு செங்குத்தாகக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு பாகம் என்று பேர் வைத்தவர்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது கோட்டைக் கரையிலிருந்தே பிடித்தால் என்ன? இரண்டைவிட மூன்று நல்லதுதானே. கப்பல் மாலுமிகளும் அப்படித்தான் செய்வார்கள்: மூன்று அடையாளங்களின் திசையை அளந்து, வரைபடத்தில் மூன்று கோடு போடுவார்கள். பிழையே இல்லாவிட்டால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஒருபோதும் சந்திக்காது, நடுவில் ஒரு சின்ன முக்கோணம் விழும். பழைய மூன்று முனைத் தொப்பியின் பெயரை ஆங்கில மாலுமிகள் அதற்கு வைத்தார்கள். கப்பல் அந்த முக்கோணத்துக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். எனக்கும் உங்களுக்கும் மட்டுமல்ல, அனுபவமுள்ள மாலுமிக்கும் தோன்றும். உண்மையில் கப்பல் அதற்குள் இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். நாலில் மூன்று பங்கு வெளியே.

நம்ப முடியவில்லையா? கப்பலின் உண்மையான இடத்தை ஒரு புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு கோடும் அளவைப் பிழையால் அந்தப் புள்ளிக்கு இடப்புறமோ வலப்புறமோ சற்றுத் தள்ளி விழும். இரண்டுக்கும் சம வாய்ப்பு. மூன்று கோடுகளுக்கு இரண்டு இரண்டாக மொத்தம் எட்டு விதம். கோடுகளின் திசை எப்படி இருந்தாலும், இந்த எட்டில் இரண்டே விதங்களில்தான் மூன்றும் சேர்ந்து புள்ளியைச் சுற்றி வளைக்கின்றன. மற்ற ஆறிலும் புள்ளி வெளியே நின்றுவிடுகிறது. எட்டில் இரண்டு, நாலில் ஒன்று. முக்கோணம் பெரிதா சிறிதா என்பது இந்த விகிதத்தைத் தொடுவதே இல்லை. ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். முக்கோணத்தின் நடுவில் பொட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகாமல், பாறைக்கு மிக அருகில் உள்ள முனையில் கப்பல் இருப்பதாக வைத்துக்கொண்டு ஓட்டு என்று மாலுமிகளுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

கோடுகளை வெட்டவிட்டு இடம் பிடிக்கும் இதே முறை நிலத்தையும் அளந்தது. பெரியதாழை 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. இந்தியாவை அளந்த பெருவில் என்ற நில அளவைக் கோடு ஓடியதும் அந்த ரேகையை ஒட்டித்தான். 1802 ஏப்ரல் 10-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து உச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டுகிற இடம் கணக்கிலேயே கிடைத்துவிடும். அங்கே போய்ச் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. அந்தப் புது முக்கோணத்தின் பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்தது. இப்படியே தெற்கே குமரி வரை. மீனவர் கரையிலிருந்து கோட்டை வாங்கிக் கடலில் வெட்டினார், லாம்டன் நிலத்திலேயே வெட்டினார். மலையில்லாத காவிரிச் சமவெளியில் அவருக்கும் கோயில் கோபுரங்களை விட்டால் கதியில்லை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு நழுவி, கருவி சுவரில் மோதி நசுங்கியது. இங்கிலாந்திலிருந்து புதிது வரவழைக்க வெகுநாளாகும் என்பதால் லாம்டனே உட்கார்ந்து அதை நிமிர்த்திச் சரிசெய்தார். ஏற்கெனவே சோழர் காலத்திலிருந்து வயல்வெளியில் எல்லாருக்கும் அடையாளமாக நின்ற கோயில், நில அளவைக்கும் தூணாக நின்றது.

கடலை அளந்த கப்பல்கள் வேறொரு தந்திரம் செய்தன. படகின் ஆட்டத்தில் காம்பஸ் தடுமாறும். செக்ஸ்டன்ட் கருவியால் இரண்டு அடையாளங்களுக்கு இடையே உள்ள கோணத்தை அளப்பது எளிது. பள்ளிக்கூடப் பாடம் இங்கே உதவும்: ஒரு நாண் ஒரே கோணத்தில் தெரிகிற புள்ளிகள் எல்லாம் ஒரு வட்டத்தின் மேல் இருக்கும். ஆக, கோட்டுக்குப் பதில் வட்டம். மூன்று அடையாளங்களில் இரண்டு கோணம் எடுத்தால் இரண்டு வட்டம், அவை வெட்டும் இடம் கப்பல். இதிலும் ஒரு பொறி உண்டு. மூன்று அடையாளங்களும் கப்பலும் தற்செயலாக ஒரே வட்டத்தின் மேல் அமைந்துவிட்டால், இரண்டு வட்டமும் ஒன்றாகிவிடும், வெட்டவே வெட்டாது. கருவி துல்லியமாக இருந்தும், கப்பல் எங்கே என்று சொல்ல முடியாது.

பிறகு ஜி.பி.எஸ். வந்தது, அடையாளங்கள் வானத்துக்குப் போய்விட்டன. ஒரு செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதிலிருந்து தூரம் தெரியும். தூரம் தெரிந்தால் நாம் அந்தக் கோளைச் சுற்றிய ஒரு பெரும் உருண்டையின் மேல் எங்கோ இருக்கிறோம். இரண்டு உருண்டைகள் ஒரு வட்டத்தில் வெட்டும், மூன்றாவது அந்த வட்டத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டும். ஒன்று பூமிக்கு ஒவ்வாதது, தள்ளிவிடலாம். நாலாவது கோள் எதற்கு? கைக்கருவியின் கடிகாரம் மலிவானது என்பதற்கு. அதில் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒளி 300 மீட்டர் ஓடிவிடுகிறது. அந்தப் பிசகைக் கண்டுபிடிக்க நாலாவது வெட்டு. கோள்கள் எல்லாம் வானத்தின் ஒரே மூலையில் கூடிவிட்டால் பிழை பெருகும் என்ற விதியும் இங்கே அப்படியே இருக்கிறது. 10 பாகையில் சரிந்து வெட்டிய பட்டைகளின் கதைதான், 20,200 கிலோமீட்டர் உயரத்தில். 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே கலக்கி, நூறு மீட்டர் வரை பிழை வரும்படி வைத்திருந்தது. அந்த நாட்களில் தெளிந்த காலைப் பொழுதில் மலையும் கோபுரமும் பார்த்துப் பிடித்த மரத்துக்குத் துல்லியம் கூடுதலாக இருந்திருக்கும் என்று மேலே போட்ட கணக்கு சொல்கிறது.

இன்று போட்டி கிடையாது. பொத்தானை அழுத்தினால் இடம் பதிவாகிறது, இரவிலும் மூடுபனியிலும் திரும்பப் போகலாம். இழப்பும் அங்கேயே இருக்கிறது. கணியம் தகப்பன் மகனுக்குச் சொல்லி, வருஷக்கணக்கில் கூடவே போய்ப் பழகி வந்த சொத்து. எந்த மலையின் எந்த முனை, எந்தக் கோபுரத்தின் எந்த ஓரம் என்று தெரியாதவனுக்கு ஊர்ப் பெயர்களைச் சொன்னாலும் இடம் கிடைக்காது. அட்சரேகை தீர்க்கரேகை எண்களோ ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் அடங்கும். கை மாறலாம், விலைக்கும் போகலாம். இரகசியம் காக்கிற பூட்டாகவும் அந்தப் பழைய முறை இருந்தது என்பதைக் கருவி வந்த பிறகுதான் கவனிக்க முடிகிறது. இந்தியப் பக்கத்தில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை. மீனுக்காக மட்டும் போகிறவர்களுக்குத் தேரடிப் புளியமரம் எங்கே நின்றது என்று தெரிந்தாக வேண்டிய தேவையும் இல்லை.

அடையாளங்களும் மாறுகின்றன. மரம் விழுகிறது, கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள், கடல் கரையைத் தின்கிறது. தென்மேற்கே ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் எழுந்து நிற்கின்றன. உயரமானவைதான், ஆனால் அடையாளத்துக்கு உதவாது, ஒன்றுபோலவே மற்றது இருந்தால் எதைப் பிடிப்பது? குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் முடிந்தால், அதன் கோபுரம் ஒன்றே ஒன்றாக நிற்கும். அது நல்ல அடையாளம்.

எந்த அடையாளத்தாலும் பிடிக்க முடியாத கோடு ஒன்றும் இந்தக் கடலில் ஓடுகிறது. 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்துக்கொண்டன. அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டும் புள்ளிகளை வரிசையாகக் குறித்து, அவற்றை வளைகோடுகளால் இணைத்தார்கள். கரையிலிருக்கும் எந்த மலையும் எந்தக் கோபுரமும் அந்தப் புள்ளிகளில் நேர்கோட்டில் வரவேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் முடியாது. படகில் கருவி ஓடுகிற வரையில் அந்தக் கோடு திரையில் தெரியும்.